முதுகில் குத்திய ஊக்கு

12 மார்ச் 1997

அன்புள்ள ரெமுந்தா அக்காவுக்கு,

தம்பி பகீசியோவின் முத்தங்கள் இரண்டு கன்னத்துக்கும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ வேறு யார் மூலமாகவோ கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதைவிட இது மேல்.

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் மூக்குக் கண்ணாடி மாவு பிசையும் எந்திரத்தில் விழுந்தது. தொலைபேசியில் பேசுகிற நீ திடீரென்று கடிதம் எழுதினால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதானே நினைப்பேன்? ஜொவன்னிக்காவின் காபிக் கடைக்கு ஓடி, "இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு தாயே" என்று நீட்டினேன். படித்தாள். 'இதை ஊரில் ஒரு குருவியிடம்கூடச் சொல்லாதே' என்று நீ எழுதிய வரியை இரண்டு முறை படித்தாள். முதல் முறை காபி எந்திரம் சீறியதால் கடைசி மேஜைக்காரர்களுக்குக் கேட்கவில்லையாம்.

ஆக, பந்தலேயோ அத்தானுக்குப் பார்கின்சன் நோய் என்பது இப்போது ஊருக்கே தெரியும். கோபப்படாதே. தெரியாத மாதிரியே இருப்போம் என்று கடையில் இருந்த அத்தனை பேரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லி நான் அன்றுதான் பார்த்தேன்.

தொலைபேசி அத்தானின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் கடிதம் எழுதினாய் என்பது அப்புறம் புரிந்தது. மே மாதக் கடைசி ஞாயிறு நம் சைக்கிள் சங்கத்துச் சுற்றுக்கு அவர் வராமல் நான் தடுக்க வேண்டும் என்கிறாய். அக்கா, உன்னைக் கட்டிக்கொண்டு தூரினுக்குப் போன நாளிலிருந்து வருஷம் தவறாமல் கப்பலேறி நம் தீவுக்கு வந்து இந்த மலையைச் சுற்றுகிற மனுஷன். கட்டிய மனைவி பேச்சைக் கேட்காதவர் மச்சினன் பேச்சையா கேட்கப் போகிறார்? அதுவும் துடைப்ப வண்டி ஓட்டுகிற மச்சினன். எல்லோருக்கும் கடைசியில், முன்னால் ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற ரொட்டி வண்டிக்கு என்ன மரியாதை இருக்கும் என்று உனக்கே தெரியும்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காமல் பதில் எழுது. சமையலறையிலிருந்து பால்கனிக்குப் போவதற்குள் கால் தரையில் ஒட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றுவிடுகிறார் என்கிறாய். அப்படிப்பட்டவர் சைக்கிள் மட்டும் எப்படி ஓட்டுவார்? பாத்திரம் கழுவச் சொன்னாயா?

உன் தம்பி,
பகீசியோ

24 மார்ச் 1997, தூரின்

அன்புத் தம்பி பகீசியோவுக்கு,

கண்ணாடி விழுந்தால் பாதிரியாரிடம் போய்ப் படிக்கச் சொல்லக் கூடாதா? ஜொவன்னிக்காதான் கிடைத்தாளா? சரி, கொட்டியது கொட்டியதுதான். அவர் காதுக்கு மட்டும் போகக் கூடாது.

நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நானும் நம்பவில்லை. போன மாதம் டாக்டரே சொன்னார்: இந்த நோயில் சிலருக்கு அப்படித்தானாம், நடக்க வராது, சைக்கிள் வரும். ஆற்றங்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றி உட்கார வைத்தோம். ஒரு தள்ளு. அவ்வளவுதான் பகீசியோ, கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த ஆள் போய்க்கொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. பிரேக் பிடிக்கிறார், சைக்கிள் நிற்கிறது, கால் பெடலை விட்டு வருவதில்லை. மூட்டை சாய்கிற மாதிரி அப்படியே சாய்கிறார். நிற்கும்போது யாராவது பிடிக்க வேண்டும்.

என் முழங்கால் அறுவை சிகிச்சை மே மாதம். நான் வர முடியாது. தடுக்கவும் முடியவில்லை. அதனால் கேட்கிறேன். இந்த வருஷம் சுற்று எந்தப் பாதை? எங்கே கஷ்டம்? எந்த இடத்தில் அவரை உன் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்?

அக்கா,
ரெமுந்தா

10 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

புதுக் கண்ணாடி போட்டு நானே படித்தேன். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. உன் முழங்காலுக்கு என் மரியாதையைச் சொல்.

பாதை இதுதான். தேவாலயத்தின் முன்னால் கிளம்பி, தக்கை மரக் காட்டுக்குள் இறக்கம். கை காலை ஆட்டாமலே போகலாம். அப்புறம் ஓடையை ஒட்டி ஒரு சாலை வருமே, பார்க்கத் தட்டையாக இருக்கும், ஏறுகிறது என்று தொடைக்கு மட்டும்தான் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் தங்கள் சைக்கிள் ரிப்பேர் என்று நினைத்து இறங்கிப் பார்ப்பார்கள். அதன் பிறகு ஜென்னா குறூசா கணவாய். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. கீழே நின்று பார்த்தால் மேலே போகிறவனின் வயிற்றுப் பக்கம் தெரியும். உச்சியில் காற்று. அங்கிருந்து கடல் பக்கமாக நீளமான மேட்டு நிலம், ஆடுகள், முள் புதர்கள், நிழல் என்று பெயருக்கு ஒன்றும் கிடையாது. கடைசியில் கல்லறைத் தோட்டத்து ஏற்றம். அதை ஏறி முடித்தவன் எதிரே இசைக்குழு வாசிக்கும். முடியாதவனுக்கு இடம் பக்கத்திலேயே இருக்கிறது.

குறுக்குப் பாதையும் ஒன்று உண்டு, கணவாய்க்கு ஏறாமல் ஓடையோடு திரும்பி வருவது. பள்ளிக்கூடத்து டீச்சர்களும் ஜெர்மன்காரர்களும் போவார்கள். அத்தானிடம் நீயே சொல்லிப் பார். நான் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் பற்கள் மிச்சம் இருக்கின்றன.

வண்டியில் ஏற்றுவது பற்றி. நம் வழக்கத்தை மறந்துவிட்டாய், தூரின் தண்ணீர் அப்படி. முடியாதவன் முதுகில் இருக்கும் எண் துணியைத் தானே கழற்றி வண்டிக்காரன் கையில் தர வேண்டும். தந்தால் ஏற்றலாம். வண்டிக்காரன் வாயைத் திறந்து கேட்கக் கூடாது. ஒரு வருஷம் சங்கத் தலைவர் செராஃபினுவிடம், "ஏறிக்கிறீங்களா அண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் வீட்டில் இரண்டு ஈஸ்டருக்கு என்னிடம் ரொட்டி வாங்கவில்லை. அவர் மாமியார் இன்றுவரை வாங்கவில்லை.

ஆனால் நீ கவலைப்படாதே. அத்தானுக்குப் பின்னால் வால் மாதிரி வருவேன். அவர் கை எண்ணைத் தொட்ட மறுநொடி நான் வண்டிக்கு வெளியே நிற்பேன். இது சத்தியம். காபிக் கடைச் சத்தியம் அல்ல.

தம்பி,
பகீசியோ

16 மே 1997, தூரின்

பகீசியோ,

வியாழக்கிழமை கப்பலில் வருகிறார். நீ துறைமுகத்துக்கே வந்துவிடு. மருந்து நேரம் தனித்தாளில் இருக்கிறது. குரல் இறங்கிப்போயிருக்கிறது, பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடு. "என்ன? என்ன?" என்று கத்தாதே.

சட்டைப் பட்டன் போட வெகு நேரமாகும். விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. நான் போட்டுவிட வந்தால் கையைத் தட்டிவிடுகிறார். பார்த்துக்கொண்டு நின்றால் இன்னும் மோசம். அவர் கை எதிலாவது தடுமாறினால் நீ வேறு பக்கம் பார்த்துக்கொள். அது ஒன்றுதான் இப்போது அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

எண் துணியை எப்போதும் நான்தான் குத்திவிடுவேன். இந்த வருஷம் நீ குத்து. கோணலாகக் குத்தாதே.

அவரை உன்னிடம் ஒப்படைக்கிறேன்.

ரெமுந்தா

26 மே 1997

அக்கா! அக்கா!

முடித்துவிட்டார்! முழுச் சுற்றும்! வீட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் உனக்கு இதை எப்படிச் சொல்வேன்? தொலைபேசியில் நீ, "எல்லாம் நல்லபடியா?" என்றாய், நான், "நல்லபடி" என்றேன், பக்கத்தில் அவர் இருந்தார். இப்போது முழுக் கதையும் கேள்.

காலையில் எண்ணை நான் குத்தினேன். நான்கு மூலைக்கும் நான்கு ஊக்கு, மயிஸ்த்ராலெ காற்றே வந்தாலும் அசையாதபடி. "கோணலா இருக்கா?" என்றார். "அத்தான், நீங்களே கோணல், எண் என்ன செய்யும்?" என்றேன். சிரித்தார். செராஃபினுவும் நானும் பிடித்து ஏற்றித் தள்ளிவிட்டோம்.

நீ சொன்னது உண்மை. தக்கைக் காட்டில் எண்ணெய் வழிகிற மாதிரி இறங்கினார். ஓடைச் சாலையில் பின்தங்கினார், சரி. ஜென்னா ஏற்றத்தில் எல்லோரும் போய்விட்டார்கள், அவரும் என் வண்டியும் மட்டும். ஜன்னலைத் திறந்து, "அத்தான், இந்த வேகத்துல போனா ஆடு முந்திரும்!" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பியாவின் மந்தை வந்து முந்தியது. பியா தொப்பியைத் தூக்கி, "நல்லாப் போறீங்க பந்தலேயோ அண்ணே!" என்றாள்.

ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும் அக்கா. நோய் விஷயம் தெரியாத மாதிரி இருக்கிறோம் என்றார்கள் அல்லவா, ஆனால் யாரும் வீட்டில் இல்லை. வழக்கமாக வளைவுக்கு ஒரு ஆள் நிற்பான். இந்த முறை கணவாயிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை சாலையோரம் முழுக்க ஊர். பத்திரம் எழுதுகிற நோத்தரின் படுத்த படுக்கையான மாமனாரை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். "விடாதீங்க!", "இன்னும் கொஞ்சந்தான்!", "சிங்கம்டா!" ஒரே கூச்சல். அவருக்காக மட்டும் அவ்வளவு பேர். நான் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன்.

அவருக்குப் பசியும் நன்றாக இருந்தது. உச்சி தாண்டியதிலிருந்து கை பின்னால் போய்க்கொண்டே இருந்தது, சட்டையின் முதுகுப் பையில் நீ வைத்தனுப்பிய பாதாம் பிஸ்கட்டுக்கு. கை தடுமாறும்போதெல்லாம் நீ சொன்னபடி நான் வேறு பக்கம் பார்த்தேன், கடலைப் பார்த்தேன். ஒரு முறை மட்டும் வாய் சும்மா இருக்காமல், "வெக்கப்படாம சாப்பிடுங்க அத்தான், யாரும் பிடுங்க மாட்டாங்க!" என்று கத்திவிட்டேன். சாலையோரமே சிரித்தது. அவர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து ஏற்றத்தில் சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஏறிவிட்டார். நான்கைந்து பேர் பாய்ந்து பிடித்தார்கள். தேம்பித் தேம்பி அழுதார் அக்கா, பார்த்த எங்களுக்கும் அழுகை. என் காதருகே வந்து மறுபடி ஏதோ சொன்னார், அந்த நேரம் பார்த்து இசைக்குழு முரசை அடித்தது. எண் துணியை நானே கழற்றி ரொட்டிக் கடையில் மாட்டிவிட்டேன். எல்லோரும் தொட்டுப் பார்க்கிறார்கள்.

நாளைக் கப்பலில் வருகிறார். களைப்பில் அதிகம் பேசவில்லை. ஒரு நல்ல ஆட்டிறைச்சிக் குழம்பு வை.

பெருமையோடு,
பகீசியோ

11 ஜூன் 1997, தூரின்

பகீசியோவுக்கு,

வந்த மறுநாள் அவர் சைக்கிள் சட்டையைத் துவைக்க எடுத்தேன். முதுகுப் பையில் கை விட்டேன். பிஸ்கட் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே நொறுங்கிக் கிடந்தது. ஊக்கு குத்தியிருந்த இடத்தில், கீழ் மூலையில், துணி கிழிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்த கிழிசல்.

"என்னங்க இது?" என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

கணவாய் உச்சியிலேயே போதும் என்றாகிவிட்டதாம். இடது கால் மரத்துப்போனதாம். வழக்கப்படி எண்ணைக் கழற்றி உன்னிடம் தரலாம் என்று கையைப் பின்னால் கொண்டுபோயிருக்கிறார். ஊக்கைத் திறக்க வரவில்லை. நிறுத்தவும் முடியாது, நின்றால் விழுவார். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் மறுபடி மறுபடி முயன்றிருக்கிறார். எங்காவது சாய்ந்துவிடலாம் என்று பார்த்தாராம். சாலையோரம் முழுக்க ஆட்கள், கைக்குழந்தைகள். யார் மேலே சாய்வது? அதோடு அத்தனை பேர், "விடாதீங்க" என்று கத்தும்போது எப்படி விடுவது?

உன்னைத் திரும்பிப் பார்த்தாராம். நீ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம்.

மேட்டு நிலம் முழுக்க, கல்லறைத் தோட்டத்து ஏற்றம் முழுக்க, இறங்க வேண்டும் என்றே ஓட்டியிருக்கிறார் பகீசியோ. அந்த அழுகை வென்ற அழுகை இல்லை.

உன் மேல் குற்றம் சொல்லவில்லை. வேறு பக்கம் பார் என்று எழுதியவள் நான். ஊரையும் குற்றம் சொல்ல முடியாது, பாசத்தில் வந்தார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். சைக்கிளை மாதா கோவிலுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். நடையும் வரவில்லை. இப்போது இரண்டும் இல்லை.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. உன் கடிதத்தைச் சிரிக்காமல் என்னால் படிக்க முடியாது. அவர் முன்னால் சிரிக்க முடியாது.

ரெமுந்தா

22 ஜூன் 1997

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

எண் துணியைக் கடைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் பூச்சி அரிக்கிறது என்றேன். சூளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு, அதே துணியை என் முதுகில் குத்தச் சொல்லி, கழற்றப் பார்த்தேன். ஒரு ஊக்குகூட வரவில்லை. நான் சைக்கிள் ஓட்டாமல் தரையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடுகிறேன். கேலி செய்யத்தான் வருகிறது, அதைப் போய் யாருக்குக் கொடுப்பது. ரொட்டி அனுப்பியிருக்கிறேன்.

பகீசியோ

19 மே 1998, தூரின்

தம்பிக்கு,

மாதா மாதம் உன் ரொட்டி வந்தது. ஒரு வரியும் இல்லாமல் ரொட்டி மட்டும் வரும்போது உன்னைத் திட்டலாம் போல இருக்கும்.

அவர் இப்போது நாற்காலியில்தான். நான் ஊட்டுகிறேன். சில நாள் வாயே திறப்பதில்லை. நேற்று ரொட்டியை நனைத்துக் கொடுத்தபோது தானாக ஏதோ சொன்னார். வாயருகே காதை வைத்தேன். "சுத்து எப்போ?" என்றார். மாதக் கடைசி ஞாயிறு என்றேன். "பகீசியோவ எழுதச் சொல்லு" என்றார்.

எழுது. எங்களுக்காகப் பூசி மெழுகாதே, நடந்தது நடந்தபடி இருக்கட்டும். அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

அக்கா,
ரெமுந்தா

1 ஜூன் 1998

அன்புள்ள அக்காவுக்கும், பக்கத்தில் இருந்து கேட்கிற அத்தானுக்கும்,

முத்தங்கள். அத்தான், அக்கா வேகமாகப் படித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

உங்களை அன்று நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அக்கா உங்களைத் தூக்கி உட்கார வைக்கும்போது ஒரு கை பிடிக்கக்கூட முடியாதபடி நடுவில் ஒரு கடல் இருக்கிறது. வருஷம் முழுக்க அந்தக் கடலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

குளிர்காலத்தில் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "வண்டிக்காரன் கேட்கலாம்னு வழக்கத்த மாத்துங்க" என்றேன். யாரும் கத்தவில்லை. செராஃபினு மட்டும், "நீ கேட்டா, அப்புறம் ஏறலன்னு எவன்டா சொல்லுவான்? பாதி ஊரு கணவாய்லயே ஏறிக்கும்" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். பாதிரியார் தூக்கினார், அப்புறம் ஜன்னலைச் சாத்தத்தான் கையைத் தூக்கினேன் என்றார்.

சரி, கேட்க வேண்டாம், ஊக்கையாவது விடுங்கள் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். குழந்தைகளின் செருப்பில் கர்ரென்று பிரியுமே, அந்த ஒட்டுப் பட்டை. ஜொவன்னிக்கா எல்லாச் சட்டையிலும் எண்ணிலும் தைத்துக் கொடுத்தாள். சூளைக் கையுறை போட்டுக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் வந்தது. ஊரே கைதட்டியது.

நேற்றுச் சுற்று. காலையில் நல்ல வெயில். தக்கைக் காடு, ஓடைச் சாலை, எல்லாம் ஒழுங்கு. ஜென்னா உச்சியில் மயிஸ்த்ராலெ காற்று காத்திருந்தது. முதலில் செராஃபினுவின் எண் பறந்தது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மற்ற எல்லோருடையதும் பறந்தது. கடல் பக்கமாகப் போயின.

எல்லோரும் இறங்கி நின்றார்கள். செராஃபினு விதியைச் சொன்னார்: முதுகில் எண் இல்லாதவன் சுற்றில் இல்லை. நோத்தர் திருத்தினார்: எண்ணை வண்டிக்காரன் கையில் கொடுக்காதவன் விலகவும் இல்லை. இரண்டும் சரி என்று பாதிரியார் சொன்னார். சுற்றில் இல்லாமலும் விலகாமலும் எல்லோரும் மதியம் வரை கணவாயில் நின்றோம். வண்டியில் இருந்த ரொட்டி தீர்ந்தது.

நம் சங்கத்துக் கணக்குப்படி இந்த வருஷம் சுற்றை யாரும் முடிக்கவில்லை, யாரும் விடவுமில்லை. எண்களில் பெரும்பாலானவற்றைப் பியா பொறுக்கி வந்து கொடுத்தாள். செராஃபினுவினுடையதை மட்டும் ஒரு ஆடு தின்றுவிட்டது. ஆடு நலம்.

உங்கள்,
பகீசியோ